லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு நூல்

கிடங்கு விதி நாற்பத்து மூன்று, உட்பிரிவு (இ): "அரசுக்குச் சொந்தமான ஒளியியல் கருவி எதையும் தலைமை அலுவலகத்தின் எழுத்து மூலமான முன் அனுமதியின்றி அராவவோ, அறுக்கவோ, துளையிடவோ, மரை வெட்டவோ கூடாது. அனுமதி கோரும் விண்ணப்பத்தை மூன்று பிரதிகளாக அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்."

இந்த விதியை நான் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினேன். மூன்று பிரதி எடுத்தேன், அனுப்பினேன், காத்திருந்தேன். காத்திருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று விதியில் இல்லை. எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்த இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவில்தான் என் உத்தியோக வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான மூன்று நாட்கள் நடந்தன.

போன மாதம் பழைய அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். வீடியோ பிரிவில் கேமரா பிடிக்கும் ஒரு பெண் தன் பையிலிருந்து கறுப்பு வளையம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதன் ஒரு பக்கத்தில் போட்டோ கேமராவின் லென்ஸை மாட்டலாம், மறுபக்கத்தில் வீடியோ கேமராவை. "ஒரே திருகு, முடிஞ்சது சார். கடையில கிடைக்குது. உங்க காலத்துல என்ன பண்ணினீங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்ததில் இன்னும் மோசமாயிற்று. பக்கத்திலிருந்தவர் பிஸ்கட் புரையேறியதென்று நினைத்து முதுகில் ஓங்கித் தட்டினார். அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் பம்பாய் மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுக்காரன். பௌதிகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு, யுத்த காலத்தில் செய்திப்படம் எடுக்கும் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் கேமராக் கிடங்கு எழுத்தராகச் சேர்ந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அதுவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தன் பெயரை மாற்றிக்கொண்டது. பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது ஒரு சாவிக்கொத்தும், காலிகோ அட்டை போட்ட கிடங்கு விதிநூலும். முதல் வருஷத்திலேயே விதிநூலை மனப்பாடம் செய்துவிட்டேன். மாட்டுங்காவில் பிள்ளைகளை வேறு எதற்குத் தயார் செய்கிறார்கள்?

மீதியைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மேலதிகாரி தஸ்தூர். பார்சிக்காரர், நெட்டை, வெள்ளைக் கால்சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. லென்ஸைத் தொடுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், பிறகு மோதிரத்தை, பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுவார். முதலில் ரப்பர்ப் பந்தை அமுக்கித் தூசியை ஊத வேண்டும். பிறகு ஒட்டகமுடித் தூரிகை. அதன் பிறகுதான் துணி, அதுவும் ஏழு தடவை துவைத்துத் தேய்ந்த பருத்தித் துணி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாக. வாயால் ஊதியவனை அவர் மன்னித்து நான் பார்த்ததில்லை. லென்ஸை 'டிக்ரா' என்பார். குஜராத்தியில் மகனே என்று அர்த்தம். எங்களை அப்படிக் கூப்பிட்டதில்லை. மதராஸ் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் அவருக்கு 'சுவாமி'தான்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. விதிக்கு ஒத்துவராத, ஆனால் செய்தே தீர வேண்டிய காரியத்தை யாராவது சொன்னால், சுழல்நாற்காலியை மெதுவாகத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். சரி என்று சொல்ல மாட்டார், கூடாது என்றும் சொல்ல மாட்டார். நாற்காலி கிறீச்சிட்டால் அனுமதி கிடைத்தது என்று பொருள். அந்த நாற்காலிக்கு எண்ணெய் போடுவதற்கான விண்ணப்பத்தை நான் வேண்டுமென்றே அனுப்பாமல் வைத்திருந்தேன்.

1946 மழைக்காலத்தில் எங்களிடமிருந்த ஒரே நீள லென்ஸுக்குள் பூஞ்சை புகுந்தது. நீள லென்ஸ் என்றால் தூரத்துப் பொருளைப் பக்கத்தில் இழுத்துக் காட்டுவது. பம்பாய் மழை எந்தப் பெட்டிக்குள்ளும் போகும். கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல ஒன்று படர்ந்து, துடைத்தும் போகாமல், கண்ணாடியையே அரித்துவிட்டது. தஸ்தூர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடவில்லை.

லென்ஸ் போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் அதோடு ஒரு மனிதரும் போக வேண்டியிருந்தது. ஷிண்டே என்று ஒரு கேமராமேன். சுனாபட்டியில் ஒற்றை அறை, மனைவி, நான்கு பெண்கள். யுத்தத்தின்போது அவருடைய பதவியை மஞ்சூர் செய்த உத்தரவில், "நீள லென்ஸ் ஒன்றுக்குக் கேமராமேன் ஒருவர்" என்று எழுதிவிட்டார்கள். ஆகவே லென்ஸ் செத்தால் பதவியும் செத்தது. அக்டோபரில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வருவார். அவர் நீட்டும் படிவத்தில், 'நீள லென்ஸ்: வேலை செய்கிறது / செய்யவில்லை' என்ற வரியில் ஒன்றை அடிக்க வேண்டியவன் நான். என் பேனாவின் ஒரு கோட்டில் ஷிண்டே கல்யாண வீடுகளுக்கு போட்டோ எடுக்கப் போக வேண்டியதுதான்.

"அடிச்சிடாதீங்க சாப்," என்றார் ஷிண்டே, பம்பாய் ஹிந்தியில். "கல்யாண போட்டோல மாப்பிள்ளை பக்கம் எல்லாம் முறைக்கும், பொண்ணு பக்கம் எல்லாம் அழும். எனக்கு ஓடுற குதிரைதான் சரி."

கிடங்கின் மேல்தட்டில், யுத்தம் தொடங்கியபோது ஒரு ஜெர்மானிய வியாபாரியிடமிருந்து பறிமுதல் செய்து எங்கள் தலையில் கட்டிய பெட்டி ஒன்று இருந்தது. 'எதிரிச் சொத்து' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். உள்ளே போட்டோ கேமராவுக்கான ஏழங்குல லென்ஸ் ஒன்று, பூஞ்சையில்லாமல் பளபளவென்று இருந்தது. நாங்கள் ஜெயித்தாலும் ஜெர்மானியக் கண்ணாடி தோற்கவில்லை. சிக்கல் ஒன்றுதான்: அது எங்கள் சினிமா கேமராவில் உட்காராது.

உட்கார வைப்பது பெரிய வித்தை இல்லை. லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள தூரம் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கணக்கு. அந்த போட்டோ கேமராவில் அது அதிகம், எங்கள் சினிமா கேமராவில் குறைவு. வித்தியாசத்தை ஒரு குழாயால் நிரப்பினால் போதும். ஆனால் குழாய் தலைமுடி அளவு நீண்டாலும் தூரத்துப் பொருள் கடைசிவரை தெளியாது. குட்டையானால் தெளியும், ஆனால் லென்ஸ் வளையத்தில் பொறித்த அடிக்கணக்கு பொய் சொல்லும். எங்கள் கையடக்கக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. ஷிண்டே தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, அந்த அடிக்கணக்கை நம்பித்தான் வளையத்தைத் திருப்புவார். கணக்குப் பொய்யானால் குதிரைக்குப் பதில் குதிரைக்குப் பின்னாலிருக்கும் சுவர்தான் படமாகும்.

ஆகஸ்டில் அனுப்பிய விண்ணப்பத்துக்கு அக்டோபர் வரை பதில் இல்லை. ஆய்வாளர் வெள்ளிக்கிழமை வருவதாகத் தந்தி மட்டும் வந்தது. புதன்கிழமை காலை தஸ்தூர் முன்னால் போய் நின்றேன்.

"சார், விதி நாற்பத்து மூன்று லென்ஸையும் கேமராவையும் அராவக் கூடாது என்கிறது. நடுவில் ஒரு குழாய் வைப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குழாய் ஒளியியல் கருவி இல்லை. குழாய் குழாய்தான்."

நாற்காலி லேசாக அசைந்தது. கிறீச்சிடவில்லை.

"அப்புறம் விதி இருபத்தொன்பது. மழைக்காலம் முடிந்ததும் கருவிகளை எல்லாம் உலர்ந்த இடத்தில் வெயில் காட்ட வேண்டும். எந்த இடம் என்று சொல்லவில்லை."

"சுவாமி," என்றார் தஸ்தூர், "தாராவியில் நல்ல வெயில் அடிக்கும் என்று கேள்வி." நாற்காலி கிறீச்சென்று சுவரைப் பார்த்துத் திரும்பியது.

வாசல் காவலரிடம் காட்டும் சீட்டில் 'கேமரா ஒன்று, லென்ஸ் ஒன்று, வெயில் காட்ட' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஷிண்டேயும் நானும் கிளம்பினோம். ஞாபகத்துக்கு விதிநூலையும் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

தாராவியில் தோல் ஊறும் தொட்டிகளைத் தாண்டி, மைதீன் பாயின் லேத் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கப்பல் உடைசலிலிருந்து வந்த பித்தளையைக் கடைந்து கதவுக் குமிழிலிருந்து கடிகாரச் சக்கரம் வரை எதையும் செய்வார். என் வரைபடத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நேராகப் பிடித்தும் பார்த்தார்.

"எதுக்கு வே ஐயரே இது?"

"தண்ணிக்குழாய் இணைப்பு."

"ஆயிரத்துல ஒரு பங்கு சுத்தமா வேணும்னு போட்டிருக்கீரு. உம்ம ஆபீஸ்ல தண்ணி குடிக்கிறாங்களா, எண்ணிக் குடிக்கிறாங்களா?"

அவரிடம் அந்தத் தடிமனுக்குப் பித்தளை ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. ஏதோ கப்பலின் நீராவிக் குழாய். புதன் முழுதும் கடைந்தார், இரண்டு முனையிலும் மரை வெட்டினார். உள்ளே பளபளத்தால் வெளிச்சம் அங்குமிங்கும் மோதிப் படத்தை வெளுக்கச் செய்யும் என்று நான் சொன்னதும், சிம்னி விளக்குக் கரியை அரக்குப் பாலிஷில் குழைத்து உட்பக்கம் பூசினார்.

வியாழன் காலை பட்டறையின் தகரக் கூரை மேல் ஏறினோம். கேமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கிய செல்லுலாய்டு துண்டு ஒன்றை வைத்து, அதில் விழும் பிம்பத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். குறி, தூரத்தில் சயான் குன்றுக் கோட்டையின் மேலிருந்த ஒற்றைக் கம்பம். வளையத்தைத் தொலைதூரக் குறியில் வைத்தால் கம்பம் தெளிய வேண்டும். கிட்டத்தட்டத் தெளிந்தது. ஓரம் மட்டும் கொஞ்சம் பூத்திருந்தது. குழாய் இம்மி நீளம்.

கூரையிலிருந்து குனிந்து கீழே கத்தினேன். "பாய்! ஒரு நூல் குறைச்சா போறும்!"

"ஒரு நூலா? நெசமாவா?"

"ஒரே ஒரு நூல்!"

குழாயைக் கழற்றிக் கீழே கொடுத்தேன். லேத் சுற்றும் சத்தம் கேட்டது. சற்று அதிக நேரம் கேட்டதாகப் பிற்பாடு தோன்றியது.

திரும்ப மாட்டிப் பார்த்தேன். கம்பம் இருந்த இடத்தில் பஞ்சு மிட்டாய் இருந்தது. வளையத்தைத் திருப்பத் திருப்ப, முப்பதடிக் குறி தாண்டும் இடத்தில்தான் கம்பம் தெளிந்தது. முக்கால் மைலுக்கு அப்பாலிருக்கும் கோட்டை முப்பதடியில் இருப்பதாக லென்ஸ் சத்தியம் செய்தது.

கீழே இறங்கினேன். "பாய், எவ்வளவு எடுத்தீர்?"

"ஒரு நூல். எட்டு நூலு ஒரு அங்குலம். அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. அளந்து பாரும், பிசகு இருந்தா என் கையை வெட்டும்."

"ஐயோ, நான் நூல்னு சொன்னது நூலிழை. தைக்கற நூல். அதோட கனம்."

மைதீன் பாய் லேத்தை நிறுத்தினார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "வே, பட்டறைக்குள்ள வந்து நூல்னா என் நூல்தான். தையக்காரன் கடைக்குள்ள போய்ச் சொன்னா அவன் நூல். உம்ம தோள்ல ஒண்ணு கெடக்கே, நல்லவேளை அந்த நூல்னு நெனைக்கல. அதுல மூணு இழையாம்லா, மூணு நூல் எடுத்திருப்பேன்!"

ஷிண்டேக்குத் தமிழ் தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்துக் காரியம் கெட்டது என்று மட்டும் புரிந்தது. ஹிந்தியில் விளக்கினேன். பாவம், அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் பட்டறைத் தூணைக் கட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "சாப், மராத்தியிலும் ஸூத் என்றால் அதே எட்டில் ஒன்றுதான்! இந்தப் பட்டறையில் அது தெரியாத ஆள் நீங்கள் ஒருத்தர்தான். பி.எஸ்ஸி!" பிறகு மைதீன் பாய் சிரித்தார். பிறகு நான். நாளைக்கு வேலை போகப்போகும் மனிதர், பித்தளை போன மனிதர், மானம் போன மனிதர், மூன்று பேரும் தோல் நாற்றத்தில் மூச்சுப் பிடித்துச் சிரித்தோம்.

முதலில் நிறுத்தியவர் மைதீன் பாய். "வேற பித்தளை இல்ல. எடுத்ததை ஒட்ட முடியாது. ஆனா எடுத்த கனத்துக்கு வாஷர் வைக்கலாம். குழாய்த் தோளுக்கும் கேமரா முகத்துக்கும் நடுவுல. கெட்டியா, தட்டையா, ஒரு நூல் கனத்துக்கு ஏதாச்சும் இருக்கா?"

பட்டறையில் தேடினோம். தோல் அமுங்கும். தகரம் நெளியும். மரப்பட்டை வெடிக்கும். ஷிண்டேயின் பார்வை என் பையின் மேல் நின்றது. பையிலிருந்து காலிகோ அட்டையின் மூலை எட்டிப்பார்த்தது.

"கூடாது," என்றேன்.

ஷிண்டே பையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அவருடைய நான்கு பெண்களின் பெயரும் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

மைதீன் பாய் விதிநூலின் அட்டையை மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தார். ஒரு நூலுக்கு ஒரு பொட்டுக் குறைவு. "தாளு வச்சுச் சரிக்கட்டலாம். நல்ல சர்க்கார் அட்டை வே. யுத்தத்துக்கு முந்தின சரக்கு." அட்டையிலிருந்து வளையம் வெட்டி, அரக்குப் பாலிஷில் முக்கி எடுத்து, இரும்புப் பட்டைக்கடியில் அழுத்தி, வெயிலில் காயவைத்தார். விதி இருபத்தொன்பது அங்கேதான் நிறைவேறியது.

பிற்பகல் கூரை மேல் நான், நடு ஏணியில் ஷிண்டே, கீழே மைதீன் பாய். நான் பார்த்துச் சொல்வேன்; ஷிண்டே கைக்கு வந்த பக்கத்தைக் கிழித்துக் கொடுப்பார்; பாய் அதை வளையமாக வெட்டிப் பாலிஷ் தடவுவார். ஒரு பக்கம் வைத்தேன், கம்பம் தடித்தது. இரண்டு, மூன்று, மெலிந்தது. நான்காவதில் கம்பத்தின் மேல் ஒரு பறவை உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஐந்தாவதில் அது காக்கையில்லை, பருந்து என்று தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு!" என்று கத்தினேன்.

ஷிண்டே கிழித்துக் கொடுக்குமுன் ஏணியில் நின்றபடியே அதை உரக்கப் படித்தார். அவருடைய ஆங்கிலம் மெதுவானது. "ஃபார்ட்டி... த்ரீ..."

"அது வேண்டாம்! வேற பக்கம் எடுங்க!"

"சாப், இதுதானே நம்மைத் தடுக்கிற தாள்? உள்ளே போய் உட்காரட்டும். ஒருநாளாவது உதவி பண்ணட்டும்."

விதி நாற்பத்து மூன்று வளையமாக வெட்டப்பட்டு, அரக்குப் பூசப்பட்டு, மேலே வந்தது. வைத்தேன். பூதக்கண்ணாடியில் குனிந்தேன். பருந்து தலையைத் திருப்பியது. அதன் அலகு தெரிந்தது. லென்ஸின் அடிக்கணக்கு வளையம் மிகச் சரியாகத் தொலைதூரக் குறியில் நின்றது. இருபத்தைந்தடிக் குறிக்குத் திருப்பி, நாடாவால் இருபத்தைந்தடி அளந்து நிற்க வைத்த மைதீன் பாயைப் பார்த்தேன். மீசையில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளை எண்ணலாம் போலிருந்தது. ஷிண்டே கூரைக்கு ஏறி வந்து ஆடியதில் தகரம் பள்ளமாயிற்று. "என் கூரைக்கு எந்த விதி வே?" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். வருமுன்னரே படிவத்தில் 'சோதனை நேரம்: பிற்பகல் 2.00' என்று நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். விருந்துச் சாப்பாட்டிலிருந்து நேராக வந்ததால் வந்து சேர்ந்தது மூன்றேகாலுக்கு. கிடங்கைப் பார்த்தார். விதிநூலைக் கேட்டார். கொடுத்தேன்.

"இதன் அட்டை எங்கே?"

"உபயோகத்தில் இருக்கிறது, சார்."

என் பின்னால் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

நீள லென்ஸைக் காட்டச் சொன்னார். காட்டினோம். படிவத்தில் 'ஒன்று' என்றிருந்தது. எதிரிலும் ஒன்றுதான் இருந்தது. அதே ஒன்றா என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. பிறகு எல்லோரையும் மொட்டைமாடிக்கு அழைத்துப் போய், அரை மைலுக்கு அப்பாலிருந்த மணிக்கூண்டையும், கைப்பிடிச் சுவரிலிருந்த ஒரு காக்கையையும் படமெடுக்கச் சொன்னார். ஷிண்டே கேமராவைத் தோளோடு அணைத்தார். தூரத்தை முணுமுணுத்தார், வளையத்தைத் திருப்பினார், எடுத்தார்.

சனிக்கிழமை காலை திரையில் போட்டுப் பார்த்தோம். காக்கையின் கழுத்துச் சாம்பல் தெரிந்தது. பிறகு மணிக்கூண்டு, திரை முழுக்க. முள் இரண்டும் கத்திபோல இருந்தன. மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிஷம்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "படம் நன்றாக இருக்கிறது. மணி இவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டியதில்லை."

"மன்னிக்க வேண்டும், சார்," என்றார் தஸ்தூர். "லென்ஸுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது."

படிவத்தில் 'வேலை செய்கிறது' என்பதை ஆய்வாளர் தம் கையாலேயே தெரிவு செய்தார். சோதனைப் படத்தைப் பாதுகாத்து வைக்கத் தேவையில்லை என்றும் எழுதினார். அவர் படியிறங்கிய பிறகு தஸ்தூர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், கையைக் கழுவினார், லென்ஸை எடுத்து ரப்பர்ப் பந்தால் ஊதினார். "ஷாபாஷ், டிக்ரா," என்றார். லென்ஸைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அவர் ஷிண்டேயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த லென்ஸில் ஷிண்டே குதிரைப் பந்தயம் எடுத்தார், கிரிக்கெட் எடுத்தார், துறைமுகத்தில் கப்பலேறிப் போனவர்களின் முகங்களை எடுத்தார். ஒவ்வொரு அக்டோபரிலும் அதே வரியில் அதே குறி விழுந்தது. லென்ஸையும் கேமராவையும் ஒருவரும் அராவவில்லை, அறுக்கவில்லை. அந்த மூன்று நாளில் உருமாறிய அரசுப் பொருள் விதிநூல் மட்டுமே. அதற்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டேன்.

இதற்குள் என் விண்ணப்பம் எங்கோ பயணம் செய்துகொண்டிருந்தது. மூன்று வருஷம் கழித்துப் பதில் வந்தபோது அலுவலகத்தில் சாமந்தி மாலை வாசனை. மராத்தியர்களுக்கு அன்று கண்டே நவமி, கருவிகளுக்குப் பூஜை. ஷிண்டே கேமராவைப் பலகைமேல் ஏற்றி, நீள லென்ஸுக்குக் குங்குமம் இட்டிருந்தார். எங்களுக்கும் அன்று பூஜைதான் என்பதால் நான் விதிநூலைப் பக்கத்தில் வைத்துச் சந்தனம் தடவியிருந்தேன். தஸ்தூர் வாயில் பேடா.

உறையைப் பிரித்து உரக்கப் படித்தேன்: "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. இவ்வலுவலகத்திலுள்ள விதிநூலைக் கறையான் அரித்துவிட்டபடியால், விதி 43 (இ) அடங்கிய பக்கத்தைத் தங்கள் பிரதியிலிருந்து அசலாக எடுத்து அனுப்பவும். அதைக் கண்ட பின் முடிவு தெரிவிக்கப்படும்."

ஷிண்டே லென்ஸைப் பார்த்தார். நான் லென்ஸைப் பார்த்தேன். அந்தத் தாளை உருவினால் கம்பம் பூக்கும், கணக்குப் பொய்யாகும், பதவி போகும். நாற்காலி கிறீச்சென்று சுவரைப் பார்த்துத் திரும்பியது.

"இன்று புத்தகத்தைத் தொடக் கூடாது, சார்," என்றேன். "எங்கள் வழக்கம்."

மறுநாள் தொடலாம். தொடவில்லை. பதில் அனுப்ப எத்தனை நாள் என்று விதியில் இல்லை; ஷிண்டே ஓய்வு பெறும்வரை நான் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை, நான் ஓய்வு பெறும்வரையும் எழுதவில்லை. அன்று உறையின்மேல் வழக்கப்படி, என் கையெழுத்தில், வந்து சேர்ந்த தேதியை மட்டும் குறித்துக் கோப்பில் வைத்தேன்: 1949, சரஸ்வதி பூஜை.